பஞ்சு மூட்டையும் டேட்டாபேஸும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதான் ரொம்ப நாளா எழுத நினைச்சதை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், கோட் எதுவும் கிடையாது :)

பஞ்சை அப்படியே அள்ளி லாரில போட்டா பாதி காத்துதான் ஊர் போய்ச் சேரும். அதனாலதான் அமுக்கி பேல் கட்டி அனுப்பறாங்க. டேட்டாபேஸ் சர்வர்லேர்ந்து வர்ற தகவலும் இப்படித்தான். பத்தாயிரம் வரி ரிப்போர்ட்ல 'கோயம்புத்தூர்' மட்டும் ஆறாயிரம் தடவை வரும். ஒவ்வொரு தடவையும் முழுசா அனுப்பாம, 'இத்தனை எழுத்து பின்னாடி போய்ப் பாரு, அதேதான் இதுவும்'னு ஒரு குறிப்பு வச்சா போதும். 1977ல லெம்பெல், ஸிவ்னு ரெண்டு பேர் சொன்ன வழி இது. மைஎஸ்க்யூஎல் ரொம்ப காலமா பயன்படுத்தற ஸீலிப்புக்கும் இதுதான் அடிப்படை. 2019ல வந்த 8.0.18லேர்ந்து ஸீஸ்டாண்டர்டும் சேர்ந்தாச்சு. கிளையன்ட், சர்வர் ரெண்டும் ஆரம்பத்துலயே 'சரி, அமுக்கிப் பேசுவோம்'னு ஒத்துக்கணும். அவ்ளோதான்.

போன வருஷம் எங்க கஸ்டமர் ஒருத்தரோட கிளையில, மாசக் கணக்கு எடுக்க நேரமாகுதுன்னு ஒரே புலம்பல். கவுண்டர்ல இருக்கற அக்காதான் வரிசைல நிக்கறவங்ககிட்ட திட்டு வாங்கறாங்க. எங்க டமேஜர் வழக்கம்போல 'லைனைப் பெருசாக்கச் சொல்லு'ன்னுட்டார். மாசாமாசம் காசு யார் கொடுக்கறது? கணக்கு போட்டுப் பாத்தேன். லைன் 4 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு அரை எம்பி. ரிப்போர்ட் 10 எம்பி, ஆக 20 நொடி. அமுக்கினா 2 எம்பி, 4 நொடி! ஒரு செட்டிங் மாத்தினோம், அக்கா தப்பிச்சாங்க.

அப்ப எல்லா இடத்துலயும் போட்டுடலாமேன்னு கேட்டா, அங்கதான் சூட்சுமம். பக்கத்துக் கொட்டகைக்குப் பஞ்சு கொண்டுபோக யாராவது பேல் கட்டுவாங்களா? அப்ளிகேஷனும் சர்வரும் ஒரே ரூம்ல ஜிகாபிட் லைன்ல இருந்தா, அதே 10 எம்பி 0.08 நொடில போயிடும். அமுக்கி, திரும்பப் பிரிக்கறதுக்குள்ள அதை விட அதிக நேரம் ஆகலாம். சர்வரோட சிபியூவும் வீணா வேகும்.

இன்னொண்ணு. அதே கிளையில வேற ஒரு ஸ்கிரீன், கம்ப்ரெஷன் போட்டும் அசையல. உள்ள பாத்தா, யாரோ ஒரு புண்ணியவான் லூப் போட்டு 150 குட்டிக் கேள்வி அனுப்பறார். ஒவ்வொண்ணும் போய்வர 80 மில்லிசெகண்ட், மொத்தம் 12 நொடி. லாரி காலியாப் போனாலும் தூரம் குறையாது இல்லையா? 50 பைட்டுக்குக் கம்மியான பாக்கெட்டை மைஎஸ்க்யூஎல் அமுக்கறதே இல்ல. கேள்விகளை ஒண்ணாச் சேத்து எழுதினதும் சரியாச்சு.

கடைசியா கொஞ்சம் பயமுறுத்திடறேன். அமுக்கிட்டு அப்புறம் பூட்டு போட்டு, அதாவது என்கிரிப்ட் பண்ணி அனுப்பினா, உள்ள இருக்கறது தெரியாது. ஆனா மூட்டையோட அளவு தெரியும். திருடன் தன்னோட ஊகத்தை ரகசியத்தோட சேர்ந்து போற மாதிரி உள்ள நுழைச்சுட்டா, ஊகம் சரியா இருக்கும்போது மூட்டை லேசா இளைக்கும். இப்படியே எழுத்து எழுத்தா ரகசியத்தைக் கறந்துடலாம்னு 2012ல க்ரைம்ங்கற தாக்குதல் காட்டுச்சு. போஸ்ட்கிரெஸ் 2018ல எஸ்எஸ்எல் கம்ப்ரெஷனை இயல்பா அணைச்சு வச்சாங்க, 2021ல 14வது பதிப்புல தூக்கியே எறிஞ்சுட்டாங்க.

ஆக, சுவிட்சைத் தட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க மக்கா. லைன் ஒல்லியா? மூட்டை பெருசா? உள்ள ரகசியம் இருக்கா? பதில் தெரிஞ்சா பேல் கட்டறதா வேணாமான்னு பஞ்சே சொல்லிடும்.