முதுமையின் பசி

வயது ஏற ஏற உணவைக் குறைத்துக்கொள்வதே நலம் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் அறிவுரை. நமக்குப் பொருந்தும் இதை, அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனைக்கும் பொருத்திவிடுகிறோம். ஆனால் அதன் உடல் வேறொரு கணக்கின்படி முதுமை அடைகிறது.

புதுவையில் மீன் சமைக்கும் வீட்டிற்குப் பூனை அழையா விருந்தாளி. எங்கள் வீட்டிலும் ஒன்று 14 ஆண்டுகள் வாழ்ந்தது. பெரிய அங்காடியிலிருந்து வரும் மீனில் அதற்கென்று ஒரு பங்கு உண்டு. இறுதி இரண்டு ஆண்டுகளில் அதன் பசி பெருகியது, உடலோ மெலிந்தது. தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. "கிழட்டுப் பேராசை" என்று அண்டை வீட்டார் நகைத்தனர்.

அது பேராசையன்று என்பதை ஒரு கால்நடை மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். பூனை இறைச்சியையே நம்பிப் பிறந்த உயிர். புரதமும் கொழுப்புமே அதற்கு ஆதாரம். முதுமையில் செரிமானம் தளர்வது அவ்விரண்டிலும்தான். 12 வயதைக் கடந்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைகிறது. 14 வயதைக் கடந்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்குப் புரதத்தைச் செரிக்கும் திறன் குறைகிறது. நடுவயதில் குறையும் உணவுத் தேவையோ 12 வயதையொட்டி மீண்டும் உயர்கிறது. தேவை கூடும் காலத்தில், உண்பது உடலில் ஒட்டுவதில்லை. இந்நிலையில் உணவைக் குறைப்பது பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

பாலூற்றினால் தேறிவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. தாய்ப்பாலை மறந்த பூனைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கையே தரும். முள் நீக்கி வேகவைத்த மீனையோ கோழியையோ சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே தக்கது. எனினும், பசியோடு வரும் மெலிவுக்குத் தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, குடல் நோய் ஆகியவையும் காரணமாகலாம். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் உணவு முறையே மாறும். எனவே மருத்துவரிடம் காட்டுவது முதற்கடமை. 1994-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி நம் குருமாம்பேட்டிலேயே இருக்கிறது.

அந்த ஈராண்டுகளில் எங்கள் பூனை நாளொன்றுக்கு ஐந்து முறை உண்டது. இழந்த சதை முழுவதும் திரும்பவில்லை. ஆனால் தட்டின் முன் அது காத்து நின்று கதறும் நிலை மாறியது.

வாய் பேசும் முதியோரே கூடுதலாய் ஒரு கவளம் கேட்கக் கூசுகின்றனர். வாயில்லா உயிரின் தேவையை நம் வயிற்றைக் கொண்டு அளக்காமல், அதன் உடலைத் தொட்டுப் பார்த்து அறிவதே பரிவு.