பந்து ஏன் வலப்பக்கமே போனது?



உத்தரகோசமங்கையில் உட்கார்ந்துகொண்டு இந்த வாத்தியார் கோல்ஃப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் ஊரில் புல்வெளி என்றால் கண்மாய் வற்றிய பிறகு ஆடு மேய்கிற இடம்தான். மற்றதெல்லாம் சீமைக்கருவேல். போன கார்த்திகை வரை எனக்கும் இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்.

கண்புரை அறுவைக்காகச் சென்னையில் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். "குனியாதீங்க, கனமா எதையும் தூக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையே செய்து பழகியவனுக்குச் சும்மா இருப்பது பெரிய தண்டனை. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன், "அப்பா, நான் கோல்ஃப் பழகப் போறேன், நீங்களும் வாங்க. நிழல்ல உக்காந்து பாருங்க" என்றான். நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டியே அவ்வளவு பெரிய பச்சை மைதானம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இது நம் நாட்டுக்குப் புதிதாக வந்த விளையாட்டு இல்லை. கல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் சங்கம் தொடங்கிவிட்டார்கள். பெங்களூரில் 1876, நம் கொடைக்கானலில் 1895. துரைமார்கள் ஆட, நம்மவர்கள் பின்னால் பை தூக்கி நடந்தார்கள். பை தூக்கிய பிள்ளைகளில் சிலர் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு ஆட்டக்காரர்கள் ஆனார்கள். டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியையே வென்றார். என் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் சிறுவயதில் பை தூக்கி வந்தவர்தான். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர்.

மகன் ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். கோல்ஃப் பந்து 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு, எலுமிச்சம்பழ அளவுதான். அடித்த அடியில் பறந்தது. ஆனால் நேராகக் கிளம்பிய பந்து பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து வேலியோரம் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. பத்தில் எட்டு வலப்பக்கம். புதுக் கண்ணல்லவா, எனக்கு நன்றாகவே தெரிந்தது. "ஒரு வருஷமா இதே கதைதாம்பா. இதுக்கு ஸ்லைஸ்னு பேரு" என்றான். முகத்தில் எரிச்சல். அவன் ஐந்தாம் வகுப்பில் கணக்குத் தப்பாக வரும்போது காட்டுகிற அதே முகம்.

பயிற்சியாளர் எனக்கும் சேர்த்தே விளக்கினார். எனக்குப் புரிந்ததைக் கரும்பலகைக் கணக்காகச் சொல்கிறேன்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். பந்தைத் தொடுகிற நொடியில் அந்த முகம் எங்கே பார்க்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் பந்து புறப்படும். பிறகு அது வளைவதற்குக் காரணம் வேறு. மட்டை வீசி வந்த பாதை ஒரு பக்கம், முகம் பார்ப்பது இன்னொரு பக்கம் என்று இருந்தால் பந்து சாய்வாகச் சுழலும். சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். வலதுகைக்காரர் மட்டையை வெளியிலிருந்து உள்பக்கமாகக் குறுக்கே இழுத்து, முகத்தையும் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்தபடி விட்டால் பந்து வலப்பக்கம் வளைந்தே தீரும்.

கோணத்தின் கணக்கையும் பாருங்கள். 200 கெஜ தூரத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் பந்து மூன்றரை கெஜம் தள்ளி விழும். ஐந்து டிகிரி என்றால் பதினேழரை கெஜம். பாகைமானியில் ஒரு டிகிரி கோடு எவ்வளவு மெல்லியது என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அது இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று பயந்து, பழகுகிறவர் உடம்பை இடப்பக்கம் திருப்பி நின்று அடிப்பார். அப்படி நின்றால் மட்டை இன்னும் குறுக்காக வரும். வளைவு இன்னும் கூடும். "திருத்துறேன் திருத்துறேன்னு தப்பைத்தான் சார் பெருசாக்குவாங்க" என்றார் அவர்.

தரையில் இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் போல இணையாகப் போட்டார். ஒன்று பந்திலிருந்து இலக்கை நோக்கி, மற்றொன்று கால் பெருவிரல்களை ஒட்டி. மகன் எவ்வளவு தூரம் இடப்பக்கம் திரும்பி நின்றிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு இடது கையை மட்டையின் மேல் சற்று உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு முட்டிகள் தெரிய வேண்டுமாம். பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து, அதை இடிக்காமல் உள்பக்கமிருந்து வீசச் சொன்னார். முழு வீச்சு வேண்டாம், இடுப்பு உயரம் வரை போதும் என்றார்.

நான்கைந்து பந்து அடித்ததும் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். "சார், யாரோ பிடுங்கிக்கிட்டுப் போற மாதிரி ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்க? இறுக்கினா மணிக்கட்டு திரும்பாது, முகம் மூடாது, பந்து வலப்பக்கம்தான் போகும். அதுவும் இடது கையில இவ்வளவு பலம் இருக்கே, நீங்க பிறவியிலேயே இடதுகைக்காரரா?"

மகன் சாதாரணமாகச் சொன்னான். "ஆமாங்க. சின்ன வயசுல அப்பா மாத்திட்டாங்க."

எனக்கு வியர்த்துவிட்டது.

நண்பர்களே, அவன் ஐந்து வயதில் சிலேட்டுக் குச்சியை இடது கையில்தான் எடுத்தான். நான் பிடுங்கி வலது கையில் கொடுத்தேன். மறுபடி இடது கையில் எடுத்தான். மறுபடி பிடுங்கினேன். சில நாள் விரல் முட்டியில் அடி விழுந்தது. சாப்பாட்டுத் தட்டிலும் அதே கதை. "நொட்டாங்கையால திங்காதடா" என்று ஊரார் முன்னிலையில் திட்டியிருக்கிறேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை இடது கையால் எழுதினால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அவன் அம்மாவிடம் பழமொழி வேறு சொன்னேன். ஒரு வருடத்தில் வலது கைக்கு மாறிவிட்டான். நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் பாடத்தில் இதையே படித்திருக்கிறேன். இடதுகைப் பழக்கம் குறையல்ல, பத்துப் பேரில் ஒருவருக்கு இயல்பாக இருப்பது, வற்புறுத்தி மாற்றக் கூடாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பட்டயம் பீரோவில் இருந்தது. படித்தது வீட்டுத் திண்ணை வரைகூட வரவில்லை.

அன்று பயிற்சியாளரிடம் நான்தான் கேட்டேன். "அப்ப இவன் இடது கையிலேயே ஆடினா நேரா வருமா?"

அவர் சிரித்தார். "அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா. பில் மிக்கல்சன்னு ஒருத்தர். எல்லா வேலையும் வலது கையில செய்யறவர். சின்னப் பிள்ளையில அப்பா எதிர்ல நின்னு அவர் அடிக்கிறதைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி பார்த்துப் பழகினதால இடது கையில ஆடினாரு. ஐம்பது வயசுல, 2021ல பெரிய போட்டி ஜெயிச்சாரு. எந்தக் கைங்கிறது பெருசில்ல. வலது கைக்காரங்க மாதிரி ஆடுறப்போ முன்னால போற கை இடது கைதான். அதுல பலம் இருக்கறது இவருக்கு நல்லதுதான். பயம்தான் போகணும்."

எனக்கு ஆறுதலாகச் சொன்னாரோ, உள்ளதைச் சொன்னாரோ, எந்தக் கை என்பது பெரிதில்லை என்ற வார்த்தை எனக்குள் வேறு மாதிரி இறங்கியது. பெரிதில்லாத ஒன்றுக்காகத்தான் அத்தனை அடியா?

திரும்பி வரும்போது காரில் மகனிடம் கேட்டேன். "சின்ன வயசுல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாடா?" சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "எழுதறதெல்லாம் பழகிருச்சுப்பா. கில்லி மட்டும் இடது கையிலதான் அடிப்பேன். கண்மாய்க் கரையில நீங்க சைக்கிள்ல வர்றது தெரிஞ்சா உடனே கை மாத்திக்குவேன். மாத்துன உடனே அடி கோணலாயிரும்."

முப்பது வருடத்துக்கு மேல் என் சைக்கிள் மணிச் சத்தத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த மூன்று வாரமும் அவனோடு போனேன். சும்மா உட்காராமல் ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று குறித்தேன். இறுக்கிப் பிடிக்காதே என்பதை அவர் எவ்வளவு சொல்லியும் அவனுக்குப் பிடிபடவில்லை. நான் ஒன்று சொன்னேன். "சாக்பீஸை இறுக்கிப் பிடிச்சா உடைஞ்சிரும், லேசா விட்டா நழுவிரும். அப்படிப் பிடிச்சுப் பாரு." அது அவனுக்குப் பிடிபட்டது. கடைசி ஞாயிறு பத்தில் ஆறு பந்து நேராகப் போனது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொன்றும் நடந்தது. பேத்தி யுகேஜி படிக்கிறாள். பென்சிலை இடது கையில்தான் பிடிக்கிறாள். மருமகள் என்னிடம், "மாமா, நீங்க வாத்தியாராச்சே, இவளை இப்பவே மாத்திரலாமா?" என்று கேட்டாள்.

நான் நோட்டை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தேன். பென்சிலைக் கூர்முனையிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். அப்போதுதான் எழுதிய எழுத்தைக் கை மறைக்காது. "இப்ப எழுது கண்ணு" என்றேன். 'அ' நன்றாகவே வந்தது. பின்னால் நின்ற மகன், "எனக்கும் இப்படி வச்சுக் குடுத்திருக்கலாமேப்பா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "செஞ்சிருக்கணும்டா. தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவனிடம் அப்படி நான் சொன்னது அதுவே முதல் முறை.

ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் வந்து சேர்ந்தேன். சந்தனம் களைந்த மரகத நடராசரைப் புதுக் கண்ணால் பார்த்தேன். கூட்டத்தில் நின்றபோது என்னிடம் படித்த பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை இடதுகைப் பிள்ளைகளின் குச்சியைப் பிடுங்கினேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இடதுகைப் பிள்ளையை பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. நோட்டை வலப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அடித்து மாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வாத்தியார் சொன்னால் கேட்பார்கள்.

நேற்று மகன் போன் செய்தான். பத்தில் ஏழாம்.