ஓவர்லாக் சத்தத்தில் சங்கீதம்

தியானத்துக்கு அமைதியான இடம் வேண்டும் என்று சொல்பவர்கள் அனுப்பர்பாளையத்தில் கொஞ்ச நாள் குடியிருந்து பார்க்க வேண்டும். அவிநாசி ரோட்டில் லாரியும் பஸ்ஸும் ஓய்வதில்லை. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் பாத்திரப் பட்டறைகள். செம்பையும் பித்தளையையும் சுத்தியலால் தட்டித் தட்டி அண்டாவும் குடமுமாக ஆக்குகிற சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். அதையும் தாண்டினால் பனியன் கம்பெனிகள். நான் வேலை பார்க்கிற லைனில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்து மிஷின்காரியிடம் ஒரு நூல் கோன் கேட்பதற்கே கையைக் காட்ட வேண்டும். வீடோ காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரு வீட்டு டிவி நாலு வீட்டுக்குக் கேட்கும். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வேதத்தைத் தியானிக்க எனக்குப் பழகியது. அதில் கிடைத்த சந்தோஷத்தையும் திடனையும் எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பனைத் தொழில் படுத்தது, மழையும் ஏமாற்றியது, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினார். இங்கே வந்த பிறகு எங்கள் வாழ்க்கை சனிக்கிழமையைச் சுற்றியே ஓடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். அதில்தான் மளிகைக் கடை பாக்கி, வாடகைக்கு எடுத்துவைப்பது, மகளிர் குழுத் தவணை எல்லாம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்டு, அவசரம் என்றால் இரண்டு ஷிப்டு. ஆர்டர் இல்லையென்றால் மத்தியானமே "வீட்டுக்குப் போங்க, போன் பண்றோம்" என்பார்கள். அந்த போன் எப்போது வரும் என்று சொன்னவருக்கும் தெரியாது.

இந்த ஊர் பட்ட அடிகளை எங்கள் தலைமுறை வரிசையாகச் சொல்லும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு செத்துக்கொண்டிருந்தது, உத்தரவில் நியாயம் இருந்தது. ஆனாலும் சாயம் ஏறாத துணிக்கு முன்னால் எங்கள் மிஷின்களும் நின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து சனிக்கிழமைச் சம்பளத்தையே தடுமாற வைத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றது. வாஷிங்டனில் போடுகிற ஒரு கையெழுத்து எங்கள் வீட்டு அரிசி டப்பாவரைக்கும் வந்து சேரும் என்பதை நாங்கள் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்குப் பயம் பகலில் வராது. பகலில் கைக்கு வேலை இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மண்டைக்குள் கணக்கு ஆரம்பிக்கும். குழுத் தவணை போக எவ்வளவு, பள்ளிக்கூட பீஸ் கட்டியது போக எவ்வளவு, அடுத்த வாரம் அரை ஷிப்டுதான் என்றால் என்ன செய்வது என்று போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவேன். ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலும் அந்தக் கணக்கைத்தான் ஆண்டவரிடம் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்கும்போது போட்ட பாரம் அப்படியே முதுகில் இருக்கும்.

இந்தப் பாரத்துக்கு வசனம் கிடைக்காமல் இல்லை. எங்கள் சபையிலும் புது வருட ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஒரு அட்டையில் ஒரு வசனம். அதை பீரோ கண்ணாடியில் ஒட்டாத கிறிஸ்தவ வீடு தமிழ்நாட்டில் குறைவு. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் ஒரு வசனத்தையாவது வருடம் முழுக்கக் கையில் வைத்திருக்க அது உதவுகிறது. ஆனால் வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்து எடுத்து, "இது எனக்கு எப்போது நடக்கும்" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தால் வேதம் ஒரு ஜாதகக் குறிப்பாகிவிடும். 2020-இல் ஜனவரியில் எடுத்த அட்டையை ஏப்ரலில் பார்த்து அழுத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்த அட்டை அவர்களைத் தாங்கவில்லை. முழுச் சங்கீதத்தையும் தெரிந்துவைத்திருந்த சில வயதானவர்கள் மட்டும் அந்த வருடத்தைக் கலங்காமல் கடந்ததையும் பார்த்தேன். என் ஆச்சி அவர்களில் ஒருத்தி.

ஆச்சி ஓலைப்பெட்டி முடைகிறவள். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஈரத்துணியில் சுற்றிவைத்த ஓலையை ஒவ்வொன்றாக உருவி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்துக்கொண்டே போவாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "ஏட்டி, கைதான வேல செய்யுது? வாய் சும்மாதான இருக்கு, சொல்லு" என்று ஒரு சங்கீதத்தை ஆரம்பித்துக் கொடுப்பாள். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டாள். ஓலை முனையால் முழங்காலில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பிற்பாடு சபைச் சரித்திரம் வாசித்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவிகள் ஜீவனத்துக்காகப் பனை ஓலையில் பாயும் கூடையும் கயிறும் முடைந்தார்கள். முடையும்போதே சங்கீதங்களை வாய்விட்டுச் சொன்னார்கள். பகோமியுஸ் ஏற்படுத்திய மடங்களில், சேருகிறவர்கள் குறைந்தபட்சம் புதிய ஏற்பாட்டையும் சங்கீதப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டும் என்று சட்டமே இருந்தது. அவர்களைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாமலே ஆச்சி அவர்கள் செய்ததையே செய்தாள். அச்சடித்த வேதம் கைக்கு வந்தது நேற்றுத்தான். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட ஆரம்பித்தது 1714-இல். அதற்கு முன்னும் பின்னும் உலகத்தில் பெரும்பாலான விசுவாசிகளுக்கு வேதம் வாயிலும் மனசிலும்தான் இருந்தது. 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்கள் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களில் எழுத்துக்கு எட்டு வசனம் என்று வரிசையாக அமைந்திருப்பதும் மனசில் ஏற்றிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

அதனால் நானும் மிஷினிலேயே ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது 127-ஆம் சங்கீதம். ஐந்தே வசனம், சாலொமோனின் பேரில் உள்ளது. காலையில் கம்பெனிக்கு நடக்கும்போது ஒரு வசனத்தை மட்டும் போனில் இரண்டு மூன்று தடவை வாசித்துக்கொள்வேன். பிறகு நாள் முழுக்க அதுதான். எனக்கு அன்றைக்குக் கை ஜாயிண்ட் என்றால், இடது பக்கம் கட்டவிழ்த்த பண்டல், வலது பக்கம் முடித்த பீஸ். கையை உடம்போடு பொருத்தி வைத்து, மடிப்பு விழாமல் விரலால் நீவி விட்டு, பெடலை மிதித்தால் வளைவு முடியும்வரை கண் ஊசியை விட்டு நகரக் கூடாது. ஆனால் வாயும் மனசும் காலி. ஒரு பீஸுக்கு வசனத்தின் முதல் பாதி, அடுத்த பீஸுக்கு மறுபாதி என்று ஓடும். வார்த்தை மறந்துபோனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துத் திருத்திக்கொள்வேன்.

அந்தச் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் அதிகாலையில் எழுந்து, நேரம் கழித்து உட்கார்ந்து, வருத்தத்தோடு சாப்பிடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் ஒன்றரை ஷிப்டை இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை என்று முதல் நாள் தோன்றியது. மறுநாள் அதே வசனத்தின் கடைசிப் பகுதி பிடித்துக்கொண்டது: தமக்குப் பிரியமானவர்களுக்குக் கர்த்தர் தூக்கத்தைக் கொடுக்கிறார் என்பது. எனக்கு இல்லாமல் போயிருந்தது அதுதான். தூக்கம் என்பது நான் கண்ணை மூடியிருக்கும்போதும் வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர் விழித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது. வேலை வேண்டாம் என்று அந்தச் சங்கீதம் சொல்லவில்லை; கட்டுகிறவனும் காவல்காரனும் அதன் முதல் வசனத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலையின் பலன் முழுக்க என் தலையில் இல்லை என்கிறது. பல நாள் அதையே மென்று மென்று சொன்ன பிறகு ராத்திரிக் கணக்கு தானாகச் சுருங்க ஆரம்பித்தது. தவணைத் தொகை குறையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு படுக்கிற நான்தான் மாறியிருந்தேன்.

ஜார்ஜ் முல்லரைப் பற்றி நம் சபைகளில் எல்லாருக்கும் தெரியும். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை ஜெபத்தாலேயே வளர்த்தவர் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். அவர் 1841-இல் எழுதிவைத்த ஒரு விஷயம் அந்த அற்புதங்களைவிட எனக்கு உதவியது. அது வரைக்கும் அவர் காலையில் எழுந்ததும் ஜெபத்தில்தான் தொடங்குவார். மனசு அலைந்து, வெகுநேரம் வீணாகும். பிறகு வேதத்தை மெதுவாக வாசித்துத் தியானிப்பதில் தொடங்கினார். அதிலிருந்தே நன்றியும் வேண்டுதலும் தானாகக் கிளம்பின. ஒவ்வொரு நாளும் தன் முதல் வேலை தன் ஆத்துமா கர்த்தருக்குள் சந்தோஷமாக இருப்பது, ஊழியம் அதற்குப் பின்னால்தான் என்றும் எழுதினார். நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்று தெரியாத நாட்களைப் பலமுறை கண்ட மனுஷர் சொன்னது இது. என் ஜெபம் ஏன் கணக்கு ஒப்பிப்பதாகவே இருந்தது என்று அதை வாசித்தபோதுதான் புரிந்தது. ஆண்டவர் பேசியதைக் கேட்காமலே நான் பேசத் தொடங்கியிருந்தேன்.

சந்தோஷம் என்று சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வரி வந்த சமயம் எங்கள் லைனில் வேலை பாதியாகக் குறைந்தது. சில கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பெட்டியைக் கட்டினார்கள். அப்போது நான் ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்திருந்தேன். அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று இல்லாமல் போகக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதிவிட்டு, அப்படியே நடந்தாலும் நான் கர்த்தருக்குள் மகிழுவேன் என்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. பாபிலோன் படை வரப்போகிறது என்று தெரிந்தே சொல்கிறார். நஷ்டத்தை மறைக்கவும் இல்லை, சின்னதாக்கவும் இல்லை. அவர் செய்ததைப்போல நானும் என் பட்டியலைப் போட்டேன்: ஆர்டர் இல்லை, ஓவர்டைம் இல்லை, குழுவில் அடுத்த கடன் இல்லை, தீபாவளிக்கு என்ன போனஸ் என்று பேச்சே இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்த பிறகு, இதில் எதுவும் அவரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை என்று சொன்னேன். நெஞ்சு லேசாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் ரசமும் துவையலும்தான். பிள்ளைகளோடு சிரித்துப் பேசிச் சாப்பிட்டேன், அந்தச் சிரிப்பு நடிப்பில்லை. துக்கமும் கூடவேதான் இருந்தது.

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். உழைக்கிறவனை வாயடைக்க நல்ல மருந்து என்பார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், அப்படிப் பிரசங்கம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முழு வேதத்தையும் தியானிக்கிறவர்கள் உபாகமம் 24-ஐத் தாண்டிப் போக முடியாது. கூலிக்காரன் ஏழை, அவன் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்று அங்கே கட்டளை இருக்கிறது. யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய காதுக்கு எட்டியது என்றே எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் பாத்திரத் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காகச் சங்கமாகச் சேர்ந்து பேசி வாங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் நாங்கள் பெண்கள் சிலர் பீஸ் ரேட்டைப் பற்றிக் கேட்கப் போனபோது முன்னால் நின்று பேச என்னால் முடிந்தது. "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்தான் எங்களில் பலரை ஊமையாக வைத்திருக்கிறது. என் பிழைப்பு அவர்கள் கையில் மட்டும் இல்லை என்று ராப்பகலாகச் சொல்லிப் பழகிய வாய் அன்றைக்குத் திக்கவில்லை.

பக்கத்து மிஷினில் இருக்கிற பெண் பெருமாநல்லூர்க்காரி. ஒரு நாள் டீ நேரத்தில், "ஏனுங்க்கா, வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிட்டே இருக்கீங்க, எனக்கும் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு 131-ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். மூன்றே வசனம். பால் மறந்த பிள்ளை தாய் மடியில் ஒன்றும் கேட்காமல் இருப்பதைப்போல என் ஆத்துமாவை அமரப் பண்ணினேன் என்கிற பாட்டு. கேட்டுவிட்டு, "எம்பையனுக்குப் பால் நிறுத்தறப்ப என்ன அழுகை அழுதான் தெரியுங்களா? அமர்றதுக்கு நாளாகுமுங்க்கா" என்றாள். எத்தனையோ விளக்கவுரை வாசித்தும் எனக்குத் தோன்றாதது அது. அந்தப் பிள்ளை சும்மா அமரவில்லை, அழுது தீர்த்துத்தான் அமர்ந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யார் கேட்டாலும் இப்போது இந்தச் சங்கீதத்தைத்தான் முதலில் சொல்கிறேன், அவள் சொன்னதையும் சேர்த்து.

நானும் என் மகளும் இந்த வருடம் 119-ஐ எட்டு எட்டு வசனமாக எடுத்திருக்கிறோம். அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது சொல்கிறாள், நான் மிஷினில். அவள் நான்காம் எழுத்தான தாலெத்துக்குப் போய்விட்டாள். நான் இன்னும் மூன்றாம் எழுத்தான கிமெலில்தான் இருக்கிறேன். அங்கே 19-ஆம் வசனத்தில் அந்தப் பக்தன் பூமியிலே தான் பரதேசி என்று சொல்லி, உமது கற்பனைகளை எனக்கு மறைக்காதேயும் என்று கேட்கிறான். சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறபோது அந்த வசனத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. அவசரமும் இல்லை.