குடிநீரில் மிதக்கும் படகு

லாங்கோத்லென், வேல்ஸ்
அக்டோபர் மூன்றாம் வாரம்

அன்புள்ள நண்பா,

அங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதா? வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நிற்கிறதா என்று போனில் கேட்டால் நீ ஒரு மணி நேரம் வடிகால் வரலாறு சொல்வாய், அதனால் கடிதத்திலேயே கேட்டுவிடுகிறேன். மதகும் கலிங்குமாகப் பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன் நீ. இங்கே ஒரு கால்வாயைப் பார்த்ததிலிருந்து, இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று இருக்கிறது.

மான்செஸ்டரில் இருக்கிற அக்காவும் அத்தானும் வருஷக்கணக்காகத் திட்டமிட்ட பயணம் இது. ரென்பரி என்ற ஊரில் படகை வாடகைக்கு எடுத்து, லாங்கோத்லென் கால்வாயில் மேற்கே வேல்ஸ் மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்புவது. படகின் நீளம் ஐம்பது அடிக்கு மேல், அகலம் ஏழடிகூட இல்லை. ரயில் பெட்டியின் நடைபாதையை மட்டும் வெட்டி எடுத்து மிதக்கவிட்டது போல இருக்கிறது. அதற்குள் படுக்கை, அடுப்படி, குளியலறை, விறகும் நிலக்கரியும் போட்டு எரிக்க ஒரு சின்ன இரும்புக் கணப்பு எல்லாம் உண்டு. எதிரில் ஒருவர் வந்தால் ஒருவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இந்த ஒல்லிக்குக் காரணம் 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற கால்வாய்ப் பொறியாளர். படகை ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டியான லாக்கின் அகலம் ஏழடி போதும் என்று அவர் முடிவு செய்தார். அகலம் குறைந்தால் கட்டும் செலவும் குறைவு, தண்ணீரும் மிச்சம். அந்தச் சிக்கனத்தில்தான் இன்றைக்கும் நாங்கள் முழங்கையை இடித்துக்கொள்கிறோம்.

ஓட்டுவதற்கு லைசென்ஸ் எதுவும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். அதுவும் உடனே திரும்பாது, யோசித்துவிட்டுத் திரும்பும். வேகக் கட்டுப்பாடு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த வேகத்தைக்கூட நாங்கள் தொட்டதில்லை. கரைப்பாதையில் நாயோடு நடக்கிற கிழவர்கள் எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போகிறார்கள்.

நாங்கள் இவ்வளவு மெதுவாகப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது! மற்ற கால்வாய்களில் அநேகமாகத் தண்ணீர் நிற்கும். லாக் திறக்கும்போது மட்டும் நகரும். இதிலோ வேல்ஸில் டீ ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிற தண்ணீர் நாளொன்றுக்கு 5 கோடி லிட்டருக்கு மேல் கிழக்கே இறங்கி, ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். செஷயர் பக்கத்து வீடுகளில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஊருக்குக் குடிநீர் கொண்டுபோகிற வாய்க்காலில், எதிர்நீச்சலில், டீசல் படகு ஓட்டிக்கொண்டு விடுமுறை கழிக்கிறோம். நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் முதலில் சுளித்தேன்.

இலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலண்டரில் இந்த நாட்டின் இலையுதிர்காலத்தைப் பார்க்கும்போது அது கண்ணுக்கு மட்டுமான விஷயம் என்று தோன்றும். படகுக்காரனுக்கு அது கைக்கும் முதுகுக்குமான விஷயம். ஆஷ் மரம் முதலில் கொட்டிவிடுகிறது. பீச் மரங்கள் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஓக் இன்னும் பிடிவாதமாகப் பாதிப் பச்சையில் நிற்கிறது. காற்று அடித்த மறுநாள் காலையில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, கரையிலிருந்து கரைக்கு இலை விரித்திருக்கும். அதில் ஐந்து நிமிஷம் போனதும் எஞ்சின் முனகத் தொடங்கும், சுக்கான் மந்தமாகும், பின்னால் தண்ணீர் கொதிக்கும், படகு மட்டும் நகராது. விசிறியில் இலைக்கொத்து சுற்றிக்கொண்டது என்று அர்த்தம். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஒரு கணம் பின்னோக்கி முறுக்கினால் பழுப்புக் கூழாக அத்தனையும் கக்கிக்கொண்டு வெளியே வரும். அப்படியும் போகாத பட்சத்தில் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படகின் பின்புறத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, அக்டோபர் மாதத் தண்ணீரில் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். அந்த உத்தியோகத்தை அத்தானுக்கே நிரந்தரமாக்கிவிட்டோம்.

ரென்பரியிலிருந்து மேலே வர 12 லாக். எல்லாமே கையால் திறப்பவை. எல் வடிவத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி கொடுப்பார்கள். அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் கதவின் அடியிலிருக்கும் சிறு ஷட்டர் தூக்கும், தொட்டி நிறையும், இரண்டு பக்க மட்டமும் சமமானதும் கதவுக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு முறை நிறைந்து வடிய லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. ஆனால் உன்னைப் போன்றவன் நின்று பார்க்க வேண்டியது லாக்கை அல்ல, அதன் பக்கத்தில் ஓடும் கலிங்கு வாய்க்காலை. ஹர்ல்ஸ்டனுக்குப் போக வேண்டிய தண்ணீர் லாக் திறக்கும்வரை காத்திருக்குமா? அது பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வந்து, லாக்கின் கீழ்வாசலில் குறுக்கே பாய்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தப் பாய்ச்சல், நுழையப் போகிற படகின் மூக்கைப் பிடித்து எதிர்க்கரையில் அறைகிறது. கொஞ்சம் வேகமாகப் போனால்தான் தப்பலாம். ஏழடி வாசலுக்குள் வேகமாக நுழையத் துணிவு வேண்டும். கிரிண்ட்லி புரூக்கில் ஆறு லாக்குகள், அவற்றில் மேலே உள்ள மூன்றும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றின் மேல்கதவே அடுத்ததற்குக் கீழ்கதவு. வரிசை தப்பித் திறந்தால் கரையெல்லாம் வெள்ளம். கோடையில் இங்கே படகுகள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்குமாம். நாங்கள் போனபோது முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லை.

அதற்கப்புறம் வெகு தூரத்துக்கு லாக்கே கிடையாது. விக்சால் என்ற இடத்தில் கால்வாய் ஒரு கரிச்சதுப்பைக் கடக்கிறது. இரண்டு பக்கமும் பழுப்புப் புல், தேங்கிய கறுப்புத் தண்ணீர், பிர்ச் மரங்கள். நிலம் முழுக்க ஊறிய கரி என்பதால் கரை ஓயாமல் அமிழ்ந்துகொண்டே இருந்தது. அதைத் தூக்கித் தூக்கிக் கட்ட மட்டுமே ஒரு தனிக் கூலிப்படை 1804 வாக்கில் வைக்கப்பட்டது. அந்தப் படை 1960கள் வரை வேலை பார்த்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே வேலை: நேற்று அமிழ்ந்ததை இன்று உயர்த்துவது. பிறகு எஃகுத் தகடு இறக்கினார்கள். நாங்கள் கடந்த காலை மூடுபனியில் படகின் முன்முனைகூடத் தெரியவில்லை. அக்கா முன்னால் நின்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

எல்ஸ்மியர் பக்கம் பனியுகம் விட்டுப்போன ஏரிகள் இருக்கின்றன. பிளேக் மியர் என்ற ஒன்று கால்வாயை ஒட்டியே கிடக்கிறது, நடுவே ஒரு கரைப்பாதையும் மரவரிசையும்தான். அங்கேதான் மீன்கொத்தியைப் பார்த்தேன். நம் ஊர்க் குளத்தங்கரையில் இருக்கிற அதே சின்ன நீல மீன்கொத்தி, அதே இனம். குளிரில் அதற்கு என்ன வேலை என்று தெரியவில்லை. சீக்கிரமே இருட்டிவிடுவதால் நாலரைக்கே இடம் பார்த்துக் கரையில் முளை அடித்துப் படகைக் கட்டிவிடுகிறோம். கணப்பை மூட்டி, அக்கா வைக்கிற மிளகு ரசத்தோடு ராத்திரி தொடங்கிவிடும். இந்த மாதத்தில் இப்படிப் போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். வெளிச்சம் குறைவு, அதனால் தூரத்தைப் பற்றிய பேராசையும் குறைவு.

சர்க் என்ற ஊரில் நாடு மாறுகிறது. கெய்ரியோக் ஆற்றுக்கு 70 அடி உயரத்தில், 1801-இல் திறந்த கல்பாலத்தின் மேல் கால்வாய் போகிறது. பாலத்தின் நடுவில் இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்கும். பக்கத்திலேயே, இன்னும் உயரத்தில், ரயில் பாலம். பின்னால் வந்தவன் உயரமாகக் கட்டித் தன் வெற்றியைக் காட்டிக்கொண்டான் போலும். பாலத்தைத் தாண்டிய உடனே 420 மீட்டர் சுரங்கம். உள்ளே ஒரு படகுக்குத்தான் இடம், விளக்கு இல்லை. சுரங்கத்தைப் படகே அடைத்துக்கொள்வதால் எதிர்த்து வருகிற தண்ணீர் போக வழியின்றித் தள்ளுகிறது. எஞ்சின் முழு மூச்சில் உறும, சுவர் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

பிறகு பான்ட்கசல்ட்டே. படம் பார்த்திருப்பாய். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் 1795-இல் தொடங்கி, 1805 நவம்பர் 26-ஆம் தேதி திறந்த நீர்ப்பாலம். 18 கல்தூண்கள், அவற்றின் மேல் 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டி. கீழே டீ ஆறு 38 மீட்டர் ஆழத்தில். களிமண் பூசிய கல்தொட்டியாக இருந்தால் எடை தாங்காது என்பதால் இரும்பு. தகடுகளின் இணைப்பில் கசிவு வராமல் இருக்க வேல்ஸ் கம்பளித் துணியைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்து அடைத்தார்களாம், சுண்ணாம்புச் சாந்தில் மாட்டு இரத்தம் சேர்த்தார்களாம். நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்ததைச் சொன்னால் டெல்ஃபோர்ட் காது கொடுத்துக் கேட்டிருப்பார். ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் இருக்கின்றன. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இருந்தால் அதிகம். சுக்கானருகே நின்று அந்தப் பக்கம் பார்த்தால் காலுக்குக் கீழே படகு, படகுக்கு அப்பால் வெறும் காற்று, அதற்கும் கீழே மஞ்சளாகப் போன மரங்களின் உச்சி. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 2009-இல் இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இத்தனை பெரிய பாலம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேட்பாயே! எங்கேயும் இல்லை. மெர்சி ஆற்றையும் செவர்ன் ஆற்றையும் சேர்ப்பதாகத்தான் திட்டம். நிலக்கரி வயல்கள் வழியாக வடக்கே போக வேண்டிய பகுதி கட்டப்படவே இல்லை. பாலம் முடிகிற ட்ரெவரில் கால்வாய் ஒரு சிறு துறையோடு நின்றுபோனது. வடக்கே போயிருந்தால் மலையிலிருந்து தண்ணீர் கிடைத்திருக்கும். அது இல்லை என்றானதும், தண்ணீருக்காக லாங்கோத்லென் பக்கம் ஒரு ஒல்லியான ஊட்டு வாய்க்கால் வெட்டி 1808-இல் டீ ஆற்றோடு இணைத்தார்கள். இந்தத் துணை வாய்க்கால்தான் பின்னாளில் மொத்தக் கால்வாயையும் காப்பாற்றியது.

ரயில் வந்தது, கால்வாயை ரயில் கம்பெனியே விழுங்கியது. 1936-இல் தெற்கே மான்ட்கமரி கிளையில் கரை உடைந்தபோது அதைச் சரி செய்யாமலே விட்டுவிட்டார்கள். 1944-இல் பாராளுமன்றச் சட்டம் மூலம் அந்த வட்டாரத்துக் கால்வாய்களை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டார்கள். அதே ஆண்டில்தான் எல்.டி.சி. ரோல்ட் என்பவர் கால்வாய்ப் படகு வாழ்க்கையைப் பற்றி 'நேரோ போட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதைப் படித்த ஆட்கள் சேர்ந்து 1946-இல் ஒரு சங்கம் வைத்துப் போராடினார்கள். புத்தகமும் போராட்டமும் பெரிய விஷயம்தான். ஆனால் இந்தக் கால்வாய் பிழைத்ததற்கு முதல் காரணம் ஹர்ல்ஸ்டனுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது என்பதுதான் என் எண்ணம். படகுக்காக யாரும் மடையை அடைக்காமல் விடவில்லை. சட்டப்படி செத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 1945 செப்டம்பர் 7 சாட்சி: லாங்கோத்லென்னுக்கு அருகில் சன் பேங்க் என்ற இடத்தில் கரை உடைந்து, கீழே இருந்த ரயில் பாதையின் மண்ணை அரித்துவிட்டது. விடியற்காலையில் வந்த சரக்கு ரயில் அந்தப் பள்ளத்தில் விழுந்து ஓட்டுநர் இறந்தார். கைவிடப்பட்ட கால்வாய் என்று காகிதத்தில் எழுதிவைத்ததைத் தண்ணீர் படித்துப் பார்க்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் அடியில் காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். பாதை அவ்வளவு ஒடுக்கம், ஒரு படகுதான் போக முடியும். அத்தான் முன்னால் நடந்து போய் எதிரே யாரும் வரவில்லை என்று போனில் சொன்ன பிறகுதான் நான் கிளம்பினேன்.

நம் பக்கிங்ஹாம் கால்வாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டினார்கள், அதிலும் லாக் இருந்தது, உப்பும் விறகும் வந்து இறங்கின. படகு நின்ற பிறகு அந்தத் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. சாக்கடையை விட்டோம், பறக்கும் ரயிலின் தூணை நட்டோம். ஒரு நகரம் அதிலிருந்து ஒரு குடம் குடித்திருந்தால்கூட கதை வேறாக இருந்திருக்கும். உன் துறையை நான் குறை சொல்லவில்லை, நீ ஆரம்பிக்காதே.

லாங்கோத்லென்னுக்கு மேலே மோட்டார் படகை விடுவதில்லை. குதிரை இழுக்கிற படகு மட்டும் போகும், அந்தச் சவாரி 1884-லிருந்து நடக்கிறது. நாங்கள் படகைக் கட்டிவிட்டு மீதியை நடந்தோம். முடிவில் டெல்ஃபோர்டின் அணைக்கட்டு: டீ ஆற்றின் குறுக்கே லாடம் போல வளைந்த 140 மீட்டர் தடுப்பு. உயரம் அதிகமில்லை. மேலே பாலா ஏரியிலும் அவர் மதகு வைத்துக் கோடைக்குத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார். இலைகள் அணையின் மேல் வழிந்து ஆற்றோடு போகின்றன. ஒரு பங்கு மட்டும் பக்கத்துக் கட்டிடத்துக்குள் புகுந்து கால்வாயாக வெளியே வருகிறது. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று அளக்கிற கட்டிடம் அது. உள்ளே என்ன கருவி வைத்திருக்கிறார்கள் என்று உனக்காக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் அழுக்கு, கதவில் பூட்டு. நீ வந்திருந்தால் யாரையாவது பிடித்துத் திறக்க வைத்திருப்பாய்.

நாளை திரும்புகிறோம். இனி தண்ணீர் எங்கள் பக்கம். நவம்பரில் லாக்குகளைப் பழுது பார்க்க அடைக்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் படகை ஒப்படைக்க வேண்டும். ஜனவரியில் ஊருக்கு வரும்போது அளவீடுகளோடு ஒரு வரைபடம் கொண்டுவருகிறேன். நீ வடிகால் கதையை அப்போது வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்