மயிலாடிச் சபையும் கொச்சி மாநகரும்

களமசேரியிலும் மட்டாஞ்சேரியிலும் குடியேறி வாழும் கிறித்தவத் தமிழரிடம் சொந்த ஊர்ச் சபையின் வரலாற்றைக் கேட்டால், வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் வந்து சேர்ந்த நாளிலிருந்தே பெரும்பாலோர் தொடங்குவர். குமரி மாவட்டத்து மயிலாடிச் சபையின் கதையை அவ்வாறு தொடங்க இயலாது. அதில் நாம் இன்று வாழும் கொச்சிக்கும் ஓர் இடமுண்டு.

மயிலாடி இன்று கற்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது திருவிதாங்கூரின் தென்கோடியில் ஒரு சிற்றூர். தலைவரியும் கூலியில்லா ஊழியமும் எளிய குடிகளை நசுக்கிய காலம். அங்கே சாம்பவர் குலத்தில் பிறந்த மகராசன் என்பார் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். தில்லையை நாடிய நந்தனாரின் கதையை அறிந்த நமக்கு அவ்வேட்கை புதிதன்று. பயணத்தின் முடிவே வேறு. தஞ்சையில் கோலாப் ஐயரைக் கண்ட மகராசன், 1799இல் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். தம் சுற்றத்தாரைக் கூட்டி வழிபாடு நடத்தலானார். பாதிரியார் இல்லை, ஆலயம் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. ஏறத்தாழ ஏழாண்டுகள் அச்சிறு கூட்டம் அவ்வாறே நிலைத்தது. இச்சபையின் வரலாற்றில் மிகப் பெரிய பகுதி அந்த ஏழாண்டுகளே என்பது நம் கருத்து.

1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ரிங்கல்தௌபே ஐயர் வந்தார். பிரஷ்ய நாட்டவராகிய அவர் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் பயின்றவர். அவர் வரும்போதே சபை இருந்தது. வேண்டியது ஆலயம் கட்ட அரசின் இசைவு ஒன்றே. ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலே துணைநின்றும் திவான் வேலுத்தம்பியின் அரசு அதனை எளிதில் வழங்கவில்லை என்று மிஷன் வரலாறுகள் கூறும்.

இதற்கிடையே திவானுக்கும் ரெசிடெண்டுக்கும் இருந்த பகை முற்றியது. 1808 டிசம்பரில் வேலுத்தம்பியின் படையும் பாலியத்து அச்சனின் படையும் கொச்சியில் இருந்த ரெசிடெண்ட் மாளிகையைத் தாக்கின. மெக்காலே கப்பலேறித் தப்பினார். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை அதே ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு புகுந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

இவ்விடத்தில் நம் உள்ளம் சற்றே இடறுகின்றது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் சிலையாக நிற்கும் அவ்வீரரை விடுதலைப் போரின் முன்னோடியாகப் போற்றுகின்றோம், போற்றத்தக்கவரே. ஆயினும் அவர் தோற்ற பின்னரே ஓர் ஏழைக் கூட்டம் கூரையின் கீழ் அமர்ந்து தொழ முடிந்தது. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் முறையன்று.

1816இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார். அவருடைய இறுதி நாட்கள் எங்கே கழிந்தன என்பது இன்றளவும் துலங்கவில்லை. சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்திடமே வந்தது. மீட் ஐயர் வந்து 1818இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொள்ளும் வரை, மீண்டும் ஒரு முறை அவ்வுழவரே மேய்ப்பராக நின்றார்.

இன்று மயிலாடி ஆலயம் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்றே வழங்குகின்றது. ஊர் விட்டு வந்த நம்மவர் பேச்சிலோ, பல வேளைகளில் அப்பெயர் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றது.