யூதத் தெருவில் ஒரு காதல்

மட்டாஞ்சேரி யூதத் தெருவை நடந்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். மசாலா வாசனை, பழம்பொருள் கடைகள், தெருக்கோடியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம். தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளைக் குனிந்து பார்க்கிறார்கள் பயணிகள். வாசற்படியை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஆலயத்துக்குள்ளும் ஜாதி புகுந்திருந்தது. 'வெள்ளை யூதர்கள்' பெஞ்சில் அமர்ந்தார்கள். அடிமைகளின் வழிவந்தவர்களாகக் கருதப்பட்டவர்களுக்குத் தரை அல்லது வாசற்படி. சம்பந்தமும் கிடையாது. அப்படி ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் சத்தியாக்கிரகம் நடத்தினார். 'யூத காந்தி' என்ற பெயரும் பெற்றார். பெஞ்சில் ஒருவழியாக இடம் கிடைத்தது.

வீட்டுக்குள் இடம் கிடைப்பது வேறு விஷயம். சேலத்தின் மகன் பால்ஃபரும் வெள்ளை யூதப் பெண் பேபி கோடரும் மணக்க விரும்பியபோது அது தெரிந்தது. இருவருக்கும் வேதம் ஒன்று, ஊர் ஒன்று. ஆனால், நடுவில் உட்கார்ந்திருந்தது சமூகம். தம்பதிகள் மனம்விட்டுப் பேசாததுதான் பிரச்சினை என்கிறார்கள் இன்றைய ஆலோசகர்கள். மற்றவர்கள் வாய் மூடாததும் பிரச்சினைதான். கடைசியில் 1950-ல் பம்பாய்க்குப் போய் இருவரும் கைப்பிடித்தார்கள். இரு பிரிவுகளுக்கிடையே நடந்த முதல் திருமணம் அது.

காவல் காத்த கட்டுப்பாடு அதன்பின் அதிக காலம் தேவைப்படவில்லை. இஸ்ரேல் உருவாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, குடும்பங்கள் கப்பலேறின. மிஞ்சியவர்களுக்குள் வரன் தேடுவதே கஷ்டமாயிற்று. கையால் பூவேலை செய்து கடை நடத்திய சாரா கோஹன் 2019-ல், 96 வயதில் மறைந்தார்.

இன்று பெஞ்சுகளுக்குப் போட்டியில்லை. முழுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் உள்ளூரில் தேறுவதில்லை.