வெள்ளம் தொட்ட சிலுவை

ஃப்ளோரன்ஸ். சான்டா குரோச்சே தேவாலயம்.

உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் மைக்கலாஞ்சலோ, கலிலியோ கல்லறையைத்தான் தேடிப் போறாங்க. நானும் போனேன்.
ஆனா என்னை நகரவிடாம நிறுத்தினது ஓவியர் சிமாபூவே மரத்துல தீட்டின பெரிய சிலுவை.

1966 நவம்பர் 4.
ஆர்னோ ஆறு ஊருக்குள்ள புகுந்துச்சு. வெறும் தண்ணி இல்ல. சேறும், வீடுகள்ல குளிருக்கு வச்சிருந்த எரியெண்ணெயும் கலந்து வந்துச்சு.
ஏறக்குறைய 700 வருஷம் தாங்கின இந்த ஓவியத்துல, வண்ணம் பாதிக்கு மேல போயிடுச்சு.

இப்ப உத்துப் பாருங்க.
வண்ணம் போன இடத்துல யாரும் புதுசா முகம் வரையல. பல நிறத்துல மெல்லிசு மெல்லிசா கோடுகள், நெருக்கி நெருக்கி. தள்ளி நின்னா கண்ணை உறுத்தாது. கிட்ட போனா, இங்க இருந்தது போயிடுச்சுன்னு ஒளிக்காம சொல்லுது.
எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அதே வெள்ளத்துல மூழ்கின, ஓவியர் வசாரியோட 'கடைசி இராவுணவு' ஓவியம் இங்க திரும்ப மாட்டப்பட்டது 2016லதான். முழுசா 50 வருஷம்! அடுத்த வெள்ளம் வந்தா மேல தூக்கிடறதுக்குப் பொறியும் வச்சிருக்காங்க.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எங்கெங்கேருந்தோ வந்த இளவட்டங்கள், தேசிய நூலகத்துல வரிசையா நின்னு, சேறு படிஞ்ச புத்தகங்களைக் கை மாத்திக் கை மாத்தி வெளிய கொண்டுவந்தாங்க. 'சேற்றுத் தேவதைகள்'னு ஊரே கொண்டாடுது. தகும்.

உஃபீஸி ஓவியக்கூடத்துக்குப் போங்க, வேணாம்னு சொல்லல. சான்டா குரோச்சேக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

அழிஞ்சதை அழிஞ்சதாவே காட்டினதுதான் சரின்னு எனக்குத் தோணுது.
நீங்களா இருந்தா, அந்த முகத்தை வரைஞ்சு நிரப்பியிருப்பீங்களா?